நல்லா

ஓட்டேரி நல்லா என்று பெயர்.
எந்த ஊர்ச் சொல்லோ, எந்தத் துரை எழுதி வைத்ததோ,
எங்களுக்கு அது தமிழ்தான்.
"நல்லா நல்லா கீதா?" என்று ஒருவன் கேட்பான்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

புளியந்தோப்பில் எங்கள் சந்தின் கடைசி வீடு என்னுடையது.
பின்சுவரில் ஒரு ஜன்னல்,
ஜன்னலை மறைத்து பீரோ.
நகர்த்தினால் கொசு.
மழைக்காலத்தில் மட்டும் அது
முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வரும்,
கேஸ் சிலிண்டரின் கழுத்துவரை நின்றுவிட்டுப் போகும்.

பையன்களுக்கு ஒரு சட்டம் இருந்தது:
பந்து நல்லாவில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.
எவன் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி.
கறுப்பில் மிதந்து போகும் பந்தை
பேசின் பிரிட்ஜ் பக்கம் கண் மறையும்வரை பார்ப்பார்கள்,
பிணத்தை அனுப்புகிற மாதிரி.

ஐப்பசிக்கு முந்தின ஞாயிறு
டில்லிபாபு சாக்குக்கட்டியோடு கரையில் இறங்கினான்.
விழுகிற குழாய்களுக்கெல்லாம் நம்பர் போட்டான்.
முப்பத்தொன்று.
பெரிய குழாய்கள் யாருடையவை என்று கேட்டோம்,
யாருடையவையும் இல்லை என்றார்கள்.
பதினாலாம் நம்பர் என் வீட்டுது.
அதுவரை நான்தான் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் கூட்டம்.
அள்ளலாம், அடைக்கலாம், புங்கன் நடலாம்,
ஆளாளுக்கு ஒன்று.
ஜெயசுதா கடைசியில் எழுந்தாள்.

"ஆத்த அழகு பண்ணுங்க, வோணாம்னு சொல்ல்ல.
பண்ணி முடிச்சா பார்க்குனு போர்டு வெப்பான்.
பார்க்குக்குள்ள இன்னாமே வூடும்பான்.
எங்கக்கா அப்டித்தான் பெரும்பாக்கம் போச்சு.
எட்டாவது மாடி, லிப்டு ஓடாது.
குப்பய வாரிப் போட்டுட்டு
என் வூட்டயும் நானே வாரிக்கினு போணுமா?"

கண்ணாடி கிளாஸ்கள் கழுவுகிற சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம்.

மெஹருன்னிசா நைட்டி தைக்கிறவள்.
அளவு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் கிழித்தாள்.
இடுப்பு, தோள், கை நீளம் என்று அச்சடித்த கட்டங்களுக்கு மேலேயே எழுதினாள்:
ஒன்று. கரையில் இருக்கிறவர்கள் கரையிலேயே இருப்பார்கள்.
இரண்டு. மற்றதெல்லாம் அப்புறம்.

மண்டல அலுவலகத்தில் இன்ஜினியர்
வரைபடத்தில் விரல் வைத்தார்.
"ஆறெல்லாம் இல்லம்மா, மழைநீர் வடிகால்."
"பேரு எதுனா இருக்கட்டும் சார், சீல் போடுங்க."
போட்டார். ஊதா மையில் ஒரே ஒரு சொல்: பெறப்பட்டது.
வாக்குறுதி இல்லை, அனுமதியும் இல்லை.
ஆனாலும் லேமினேட் பண்ணி
டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

மூன்றாம் ஞாயிறு ஜெயசுதா வந்தாள்.
ரேஷன் கார்டு ஜெராக்ஸை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டுதான் சேற்றில் கால் வைத்தாள்.
வந்தது என்னென்ன:
இரண்டு மெத்தை, ஒரு தேர்தல் பேனர்,
எண்ண முடியாத பால் கவர்,
கேரம் போர்டின் பாதி,
அப்புறம் பந்துகள், அழுகிய முலாம்பழம் மாதிரி பதினேழு.
பையன்கள் ஒவ்வொன்றுக்கும் தேதி சொன்னார்கள்.

சாக்கடை இணைப்புக்கு நான் இரண்டு தவணை கட்டிவிட்டேன்,
ஒன்று பாக்கி.
பதினாலை சிமெண்ட் வைத்து அடைத்த அன்று
முப்பத்தொன்றில் பதினொன்று மூடியிருந்தன.
பெரியவை இன்னும் கொட்டுகின்றன, ராத்திரியில் அதிகமாக.
தண்ணீர் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
டீ நிறத்துக்கு வந்திருக்கிறது.
பால் குறைந்த டீ.

பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தேன்.
கொசு வந்தது.
வெளியே ஆட்டம் நடக்கிற சத்தமும் வந்தது.

பந்து விழுந்தது.
எல்லோரும் பழக்கத்தில் சட்டையைத் தேடி எடுக்கிறார்கள்.
சேவியர் மட்டும் கரையில் நின்று யோசித்தான்,
பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினான்.
அவன் அம்மா மாடியிலிருந்து போட்ட கத்தலில்
சந்து முழுக்க எட்டிப் பார்த்தது.
இறங்கினான்.
எடுத்தான்.
குழாயடியில் லைஃப்பாய் போட்டு
பந்தை முதலில் கழுவினான்.

ஆட்டம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல்
இரண்டு அணியும் நின்றன.
"த்ரோ-இன்" என்றான் ஒருவன்.
யாருக்கு என்று சண்டை.
விளக்குக் கம்பம் எரியத் தொடங்கியும்
அந்தச் சண்டை தீரவில்லை.